அப்பாவின் பெயரில் ஓடிய துடிப்பு

இருபத்து நான்கு மணி நேரம் என் இதயம் அப்பாவின் பெயரில் துடித்தது.

அப்பா பேருந்து ஓட்டுநர். வருடாந்திரப் பரிசோதனையில் அவருடைய நாடி நாற்பத்தாறு என்று வந்தது. நிறுவனத்து மருத்துவர் இதய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே நல்ல அறிக்கை வந்தால்தான் மறுபடி வண்டியைத் தொடலாம்.

மருத்துவமனையில் அப்பாவின் மார்பில் ஐந்து வில்லைகளை ஒட்டி, வயர்களைச் சேர்த்து, நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும், கைக்கு அடக்கமான ஒரு கருவியை இடுப்பில் மாட்டி அனுப்பினார்கள். மறுநாள் திருப்பித் தர வேண்டும். அதுவரை குளிக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அப்பாவின் சட்டையைக் கழற்றச் சொல்லி மார்பைப் போனில் படம் எடுத்தான். பிறகு என்னைக் காட்டினான்.

"இதை அப்படியே இவளுக்கு மாத்திடலாம். சின்ன வயசு. கடிகாரம் மாதிரி ஓடும்."

"நீயே போட்டுக்கயேன்" என்றாள் அம்மா.

"நான் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதுறேன். அப்பாவை நேரா ஐசியூல படுக்க வெச்சிடுவாங்க."

"இதை வேற பெருமையா சொல்லு."

"தெரிஞ்சா என்னடா ஆகும்?" என்று அப்பா கேட்டார்.

"வேலை போயிடும். அதனால யாருக்கும் தெரிய வராது." என் பக்கம் திரும்பினான். "என்ன விஞ்ஞானி, சரிதானே?"

நாடி குறைவாக இருப்பது மட்டுமே நோய் ஆகாது. அப்பா முப்பது வருடமாக டிப்போவுக்கு சைக்கிளில் போகிறார். அப்படிப் பழகிய இதயம் ஒரு துடிப்பில் நிறைய ரத்தத்தைத் தள்ளும், அதனால் நிதானமாகத் துடித்தாலே போதும். சொல்ல நினைத்தேன். அதற்குள் அம்மா அறைக்கதவைச் சாத்திவிட்டு, போனைப் பார்த்துப் பார்த்து என் மேல் ஒட்டத் தொடங்கியிருந்தாள். வில்லைகளில் அப்பாவின் நரைமுடி இருந்தது. சரியாக ஒட்டாத இடத்தில் பிளாஸ்திரி போட்டாள்.

அன்றும் மறுநாளும் நான் வேலைக்குப் போகவில்லை.

அறிக்கை வந்த அன்று அப்பாவோடு நானும் போனேன். மருத்துவர் ஒரு பெண்.

"சைக்கிள் ஓட்டுவீங்களா?"

"தினமும்."

"அப்போ நாற்பத்தாறுக்கு நான் கவலைப்பட மாட்டேன். நல்ல உடம்புக்கு அப்படி இருக்கும். தூங்கும்போது இன்னும்கூடக் குறையும்." அப்பா சாய்ந்து உட்கார்ந்தார். மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "ஆனா இது வேற. பகல்ல, முழிச்சிட்டு இருக்கும்போது, அஞ்சு செகண்ட் இதயம் துடிக்கவே இல்ல. பதினொண்ணரைக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"டிவி பாத்துட்டிருந்தேன்" என்றார் அப்பா.

அன்று அந்த நேரத்தில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கண் இருண்டது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மிச்சத் துணியை மடித்தேன்.

"எப்பவாவது மயங்கி விழுந்திருக்கீங்களா? யோசிச்சு சொல்லுங்க. பேஸ்மேக்கர் வைக்கணுமான்னு அதையும் வெச்சுத்தான் முடிவு பண்ணணும். எப்படியும் இனிமே நீங்க பஸ் ஓட்டக் கூடாது. கம்பெனிக்கு எழுதிடறேன்."

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் அங்கே சாமான் அறையில், தரையில் கண் விழித்தேன். கையிலிருந்த குடுவை உடையவில்லை. யாரும் பார்க்கவுமில்லை. அதற்கு முன்னால் ஒரு முறை வீட்டில், குளியலறையில். காலையில் சாப்பிடாததுதான் காரணம் என்று வைத்துக்கொண்டேன்.

திரையில் அந்தக் கோடு நேராகப் போனது. யாருடையதையோ பார்ப்பது போலிருந்தது. பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அப்பா மருத்துவரைப் பார்க்கவில்லை. நாற்காலியோடு என் பக்கம் திரும்பிவிட்டார்.

"பாப்பா, மயக்கம் வந்துச்சா?"

"அவங்களை ஏன் கேக்கறீங்க? உங்களைத்தான் கேட்டேன்" என்றார் மருத்துவர்.

"வந்துச்சாம்மா?"

மருத்துவர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"கம்பெனிக்கு எழுதாதீங்க டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "எழுதாதீங்க. அந்த மெஷினைப் போட்டிருந்தது நான். ரெண்டு தடவை மயங்கி விழுந்திருக்கேன். வீட்ல யாருக்கும் தெரியாது."