பேர் வந்தால்தான் அறுப்பு

மரத்தில் ஏறிக் கிளை கழிக்கிற வேலையைச் சொந்தமாகச் செய்யப்போகிறோம், என்னென்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் எங்களிடம் வருவதுண்டு. கயிறு எங்கே வாங்கலாம், ரம்பத்துக்கு யார் நன்றாகப் பல் தீட்டுவார்கள், மழை பெய்த மறுநாள் ஏன் ஏறக்கூடாது என்றெல்லாம் என் வீட்டுக்காரர் பொறுமையாகச் சொல்வார். அவர் முடித்ததும் நான் ஒன்று கேட்பேன். "மேல இருக்கற ஆளைக் கீழ இருந்து என்னன்னு கூப்புடப்போறீங்க?" பெரும்பாலும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் பூங்கோதை. வீட்டுக்காரர் பெயர் கலியமூர்த்தி. நானே அந்தப் பெயரைச் சொல்வதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும்.

விருத்தாசலத்தில் ஓட்டின் மேல் சாய்ந்த மரம், மாடியில் இடிக்கிற கிளை என்றால் எங்களுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். அவர் மேலே ஏறி அறுப்பார். நான் கீழே கயிறு பிடிப்பேன். கிளையைக் கட்டிய கயிறு மேலே கிளை பிரிகிற ஒரு கவையில் விழுந்து கீழே வரும். அதை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு கனமான கிளையையும் தூங்குகிற பிள்ளையைப் போல இறக்கலாம். சுற்றாமல் பிடித்தால் கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடிவிடும். மேலே இருப்பவருக்குத் தழை மறைக்கும். நான் சுற்றிவிட்டேனா, கீழே யாராவது நடக்கிறார்களா என்பதெல்லாம் என் குரல் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

ஆரம்பத்தில் நானும் எல்லாரையும் போல 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டேன். பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும் ரோட்டோரம் ஒரு புளியமரம் கழித்தோம். அவர் கால் வைக்கப்போன கிளை உளுத்துப்போனது என்று எனக்குக் கீழேயிருந்து தெரிந்துவிட்டது. "ஏங்க, ஏங்க" என்று கத்துகிறேன், டிராக்டர்காரர்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள், இவர் மட்டும் பார்க்கவில்லை. "கலியமூர்த்தி!" என்று வாய் தானாகக் கத்திவிட்டது. அவர் காலை எடுத்துவிட்டார். இறங்கி வந்து ஒரு பீடி பிடித்தார். பிறகு, "இனிமே அப்பிடியே கூப்புடு" என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே சட்டம். கிளை முக்கால்வாசி அறுந்ததும் அவர் ரம்பத்தை நிறுத்திவிட வேண்டும். "கலியமூர்த்தி, போடு!" என்று நான் சொன்ன பிறகுதான் கடைசி அறுப்பு.

இதைக் கேட்டவர்கள் என்னைப் பேசாத பேச்சில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறைந்துபோகுமாம். மரத்து உச்சியில் நிற்பவனுடைய ஆயுசைப் பற்றித் தரையில் சௌகரியமாக நிற்பவர்களுக்கு எத்தனை அக்கறை!

சுப்புராயன் என்பவர் வீட்டுக்குப் போன கதையைச் சொல்கிறேன். பீங்கான் பொம்மை செய்து வெளியூர்களுக்கு அனுப்புகிற பட்டறை முதலாளி அவர். வீட்டில் மகளுக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். பந்தல் போடுகிற இடத்தில் பெரிய வேப்பமரம், அதன் கிளை ஓட்டுக்கு மேலே படுத்துக் கிடந்தது. நாங்கள் கயிற்றைப் பிரித்து முடிப்பதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

"இந்தாம்மா, நீ புருஷனைப் பேரு சொல்லிக் கூப்புடுவியாமே? அதையெல்லாம் இங்க வச்சிக்காத. நல்ல காரியம் நடக்கப்போற வூடு."

"மரியாதைக் கொறச்சல் இல்லைங்க மொதலாளி. வேலைக்காவத்தான்."

"எனக்கே பாடம் எடுக்கறியா? லட்சணமா 'ஏங்க'ன்னு கூப்புடு. இத்தனை வருஷத்துல எம் பேர இவ ஒரு தடவ சொல்லியிருப்பாளா, கேட்டுப் பாரு."

'இவ' என்று அவர் கைகாட்டிய அவர் மனைவி அம்புஜவல்லியம்மா வாசற்படியில் நின்றிருந்தார். கேட்டுப் பார்க்கச் சொன்னாரே தவிர, அந்த அம்மா பதில் சொல்வதற்கு அவர் நிற்கவில்லை.

நான் கயிற்றைத் திரும்பச் சுருட்டத் தொடங்கினேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்தார். "பெரிய எடம், பூங்கோத. இன்னைக்கு ஒரு நாளுதான. ஏங்கன்னே கூப்புடேன்."

முதலாளி சொன்னதைவிட இவர் சொன்னதுதான் எனக்கு ஆத்திரம். உன் உயிர்தானே மேலே தொங்கப்போகிறது, எனக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததற்கும் சேர்த்து அவர் மேல் கோபம் வந்தது.

சின்னக் கிளைகள் பிரச்சினை இல்லாமல் இறங்கின. பெரிய கிளைக்கு வந்தோம். மரத்தடியில் யாரும் வரக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தோம். முதலாளி வாசல் கேட் பக்கம் நின்று செல்போனில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். மேலே ரம்பம் நின்றது. நான் 'ஏங்க' சொல்வதற்காக அவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. நான் கயிற்றை இழுத்து அடிமரத்தில் முதல் சுற்றுக்குக் கொண்டுபோனேன்.

அப்போது அம்புஜவல்லியம்மா காபியோடு வெளியே வந்தார். முற்றத்துச் சுவர் ஓரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் டம்ளரை வைத்துவிட்டு உரக்கக் கூப்பிட்டார்.

"ஏங்க!"

மேலே ரம்பம் ஓட ஆரம்பித்தது.

நிறுத்தச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை இல்லை. 'ஏங்க' என்றால் இன்னும் வேகமாக அறுப்பார். பேரைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கிளை முறிகிற சத்தம் கேட்டது. பாதிச் சுற்றில் இருந்த கயிறு என் கைக்குள் நெருப்பாக ஓடியது. நான் விடவில்லை, ஆனாலும் கயிறு நிற்கவில்லை. கிளை ஓட்டை விட்டு விலகி முற்றத்துப் பக்கம் வீசிக்கொண்டு வந்தது. போனைப் பையில் போட்டபடி முதலாளி காபியைப் பார்த்து நேராக மரத்தடியில் நடந்துவந்தார்.

"சுப்புராயா!"

அப்படித்தான் கத்தினேன். முதலாளியும் இல்லை, ஐயாவும் இல்லை. வெறும் சுப்புராயா.

ஆணியடித்தது போல நின்றார். எவள் இந்தத் துணிச்சல்காரி என்று கண்ணை உருட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கிளை அவருக்கு முன்னால் விழுந்தது. அவர் உட்காரப்போன நாற்காலி நொறுங்கிப்போனது.

கிளையையாவது பார்ப்பார் என்று நினைத்தேன். நாற்காலியையாவது பார்ப்பார் என்று நினைத்தேன். அந்த மனுஷன் என்னைத்தான் பார்த்தார்.

"யாரைப் பேரு சொல்லிக் கூப்புட்ட?"

"உங்களைத்தான். ஏங்கன்னு கேட்டுத்தான் நீங்க இந்தப் பக்கம் வந்தீங்க. ஏங்கன்னு கேட்டுத்தான் அவரு அறுத்தாரு. நானும் ஏங்கன்னு கத்தியிருந்தா காபி ஆறுதுன்னு இன்னும் வேகமா வந்துருப்பீங்க."

"வாயப் பாரு! ஏய், மேல இருக்கறவனே! பொண்டாட்டிய அடக்கத் தெரியாதவன் தொழிலுக்கு வந்துட்டான். மிச்சக் கெளைய அறுத்துட்டு எறங்குடா."

தழையை விலக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கிளையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், ரத்தம் கசிகிற என் கையைப் பார்த்தார். ரம்பத்தைக் கவையில் மாட்டிவிட்டு, கிளையில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்துவிட்டார்.

"காது கேக்கலையா?" என்றார் முதலாளி.

"கேக்குதுங்க. ஆனா பேரு வரலைங்களே."

"என்ன பேரு?"

"எம் பேருங்க. எங்க வூட்டு ஆளு வாயால வரணும். வராம அறுக்க மாட்டேன், எறங்கவும் மாட்டேன்."

கேட்டுக்கு வெளியே தெருவே கூடிவிட்டது. பந்தல்காரன் வண்டியோடு வந்து நின்றான். பாதி மொட்டையான மரம், அதன் மேல் ஓர் ஆள், அடியில் முதலாளி. கூப்பிட எனக்கு ஒரு நொடி போதும். நான் கூப்பிடவில்லை. காலையில் 'ஒரு நாளுதான' என்று சொன்னவர் இல்லையா, கொஞ்சம் உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்புஜவல்லியம்மா தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து என் உள்ளங்கையில் தடவினார். பிறகு புருஷனுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

"கூப்புடும்மா. பேரைச் சொல்லியே கூப்புடு."

முதலாளி விறுவிறுவென்று தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். நான் புதுக் கயிறு கட்டச் சொல்லி, சீலைத் தலைப்பைக் கையில் சுற்றி, அடிமரத்தில் இரண்டு சுற்றும் சுற்றி, சுற்றுமுற்றும் பார்த்து, கூப்பிட்டேன். பழமலைநாதர் கோயில் வரைக்கும் கேட்கட்டும் என்றுதான் கூப்பிட்டேன்.

"கலியமூர்த்தி! போடு!"

மிச்சக் கிளைகள் ஓர் ஓடுகூட உடையாமல் இறங்கின.

இப்போதெல்லாம் மரத்தைப் பார்ப்பதற்கு முன்பே வேலை கொடுப்பவர்களிடம் இதைப் பேசிவிடுகிறோம். பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள், பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என் வீட்டுக்காரரே சொல்கிறார். தொழிலுக்கு வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறோம். மேலே ஏறிய பிறகு பேரம் பேச முடியாது.

அன்றைக்குச் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது அம்புஜவல்லியம்மா வாசல் கேட் வரைக்கும் வந்தார். உள்ளே ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா, பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னு சொல்றாங்களே, நெசமாவே ஒண்ணும் ஆவாதா?"

நான் தாழ்வாரத்துப் பக்கம் கையைக் காட்டினேன்.

"உங்க வூட்டுக்காரரு பேர இன்னைக்கு நாந்தான் சொன்னேன். பாருங்க, உக்காந்து காபி குடிக்கிறாரு."