மூன்றாம் வருடத்து இடம்

வார்டில் அவளுக்குக் கைராசி என்று பெயர். அவள் போட்ட தையல் சீழ் வைத்ததே இல்லை என்று நர்ஸுகள் வைத்த பெயர் அது. அறுவை சிகிச்சைப் பயிற்சி மொத்தம் ஐந்து வருடம், இரண்டை முடித்திருந்தாள். கணவனும் மகளும் வேறு ஊரில் இருந்தார்கள். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டதால், கணவனால் அவரையும் மூக்குக்கண்ணாடிக் கடையையும் விட்டு நகர முடியவில்லை. மாதத்தில் ஒரு நாள் கைராசி அங்கே போய்வருவாள். திரும்பும்போது மகளின் சட்டை ஒன்றைத் துவைக்காமல் எடுத்துவந்து, விடுதி அறையில் அதை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவாள்.

கணவனின் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் வருடப் பயிற்சி இடம் ஒன்று காலியாவதாகக் கேள்விப்பட்டு, அங்கிருந்த துறைத் தலைவிக்குப் போன் செய்தாள்.

"இடம் இருக்கும்மா. ஆனா ஒரு இடத்துல இருந்துக்கிட்டே இன்னொரு இடத்துக்கு மனு போட முடியாது. அங்க விலகிட்டு வாங்க, நான் சேத்துக்கறேன்."

அன்றைக்கே தன் தலைமை மருத்துவரிடம் போய் நின்றாள். அவருக்குப் பயிற்சி மருத்துவர்கள் வைத்த பெயர் மௌனசாமி. அறுவை மேசையில் அவர் வாய் திறப்பதில்லை. புருவம் ஏறினால் கத்தி கொடுக்க வேண்டும், இறங்கினால் நூல்.

"எழுத்துல குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"வாயால சொன்னாங்க சார். தலைவியே சொன்னாங்க."

"எழுத்துல வரட்டும். அதுவரைக்கும் பொறு."

"அதுக்குள்ள வேற யாரையாவது போட்டுட்டா?"

அவர் சொன்னது நியாயம் என்று அவளுக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். "அம்மாகிட்ட பேசுறியா?" என்று கணவன் கேட்டதும், "வேணாம். அம்மாவால நெத்திய தொட்டுப் பாக்க முடியாது" என்று குழந்தை சொன்னதும் போனில் தெளிவாகவே கேட்டது. அதற்கப்புறம் பொறுமை என்ற சொல்லே அவளுக்கு உறைக்கவில்லை. மறுநாள் ராஜினாமா கொடுத்தாள்.

மௌனசாமி கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, அவளைப் பார்த்தார். "நல்ல கை உனக்கு. எங்க போனாலும் விட்டுடாத."

கணவனின் ஊர் ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது துறைத் தலைவி எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

"மன்னிச்சிடும்மா. இங்க ஆபரேஷன் எண்ணிக்கை போதலைன்னு மேலிடத்துல அந்த இடத்தையே எடுத்துட்டாங்க. எனக்கே நேத்து சாயங்காலம்தான் தெரியும். உங்களுக்குப் போன் பண்ணேன், கிடைக்கல."

"வேற எதாவது இடம்..."

"இந்த வருஷம் ஒண்ணும் இல்லம்மா."

படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று மௌனசாமியைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொல்லி, திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்டாள்.

"உன் இடத்துக்குக் காத்திருப்புப் பட்டியல்லேர்ந்து ஒருத்தர் வந்து சேந்துட்டாரும்மா."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கை கழுவும் தொட்டி. எந்தக் குழாய் என்றுகூட அவளால் சொல்ல முடியும்.

"கேஸ் இருக்கு," என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

வீட்டில் கணவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சரி, முதல்ல குளிச்சிட்டு வா" என்றான். மாமனார் கட்டிலில் சாய்ந்தபடி, கோணிய வாயால் சிரமப்பட்டுச் சொன்னார்: "எனக்கு ஒரு பக்கம்தான் விழுந்துச்சு. நீ ரெண்டு பக்கமும் விட்டுட்டு வந்திருக்க." அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறியது. கிழவர் நல்ல கையை நீட்டி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

இத்தனை நாள் ஏங்கிய வீடு இப்போது கைக்குள் இருந்தது. ஆனால் மகள் அவளிடம் ஒட்டவில்லை. தலை வார அப்பா வேண்டும், ஊட்டிவிட அப்பா வேண்டும். ஒரு மாலை, பள்ளியில் நடந்த ஏதோ கதையைச் சொல்ல ஆசைப்பட்டு அம்மாவிடம் வந்த குழந்தை, கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டு நின்றது. பிறகு அம்மாவின் போனைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தது.

"நீ அந்த ரூமுக்குப் போம்மா. நான் அப்பா போன்லேர்ந்து பேசறேன்."

போனாள். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் காதருகிலிருந்தும் ஒரே குரல் இரண்டாகக் கேட்டது. முழுக் கதையையும் 'ம்' கொட்டிக் கேட்டாள். அடுத்த வாரம் நடுக்கதையில் மகள் போனைக் கீழே வைத்துவிட்டு, ஓடிவந்து மடியில் ஏறி மிச்சத்தைச் சொன்னாள். அதற்குப் பிறகு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளாமல் குழந்தை தூங்கியதில்லை.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. திரைச்சீலைக் கயிற்றில் அவளை அறியாமல் அறுவை முடிச்சுகள் விழுந்தன. பாத்திரம் கழுவியபின் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்து, விரல்களை மேலே தூக்கிக்கொண்டு நிற்பாள். "துண்டு வேணுமா, இல்ல கையுறை மாட்ட நர்ஸ் வரணுமா?" என்று கணவன் கேலி செய்வான். அவளும் சிரிப்பாள்.

பக்கத்துத் தெருவில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் வேலை கிடைத்தது. சளி, காய்ச்சல், பிரஷர். ஒரு நாள் தையல்கடைக்காரி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தொட்டவுடனே தெரிந்துவிட்டது, குடல்வால் வெடிக்கப் போகிறது. அங்கே தியேட்டர் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளே ஆம்புலன்ஸில் கூடப் போனாள்.

"நீங்களே பண்ணுவீங்கல்ல டாக்டர்?" என்று அந்தப் பெண் கையை விடாமல் கேட்டாள்.

"அங்க நல்ல டாக்டருங்க இருக்காங்க. பயப்படாதீங்க."

தியேட்டர் வாசலில் இளம் டாக்டர் ஒருவன் விவரங்களை வாங்கிக்கொண்டான். அவள் சொன்ன விதத்தைக் கேட்டு, "மேடம், நீங்க சர்ஜனா?" என்றான்.

"இல்ல. டியூட்டி டாக்டர்."

தள்ளுவண்டி உள்ளே போனது. கதவு மூடுவதற்குள் மருந்து கலந்த குளிர்காற்று அவள் முகத்தில் அடித்தது. அவள் கிளம்பியிருக்கலாம். கிளம்பாமல், அறுவை முடியும்வரை அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். இப்போது தோலைத் திறந்திருப்பார்கள், இப்போது குடல்வாலைக் கட்டியிருப்பார்கள் என்று மனதுக்குள் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே இருந்தாள்.

அந்த வருடக் கடைசியில் அறுவைப் பயிற்சிக்கான நுழைவுத் தேர்வைப் புதிதாக எழுதினாள். இடம் கிடைத்தது பழைய ஆஸ்பத்திரியில்தான். மௌனசாமியே கூப்பிட்டார். "முதல் வருஷத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். பழசு எதுவும் கணக்குல வராது."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். மகள் மடியில் இருந்தாள்.

"நான் போகல," என்றாள் கணவனிடம். "இவ இப்பதான் என்கிட்ட வந்திருக்கா."

அவன் மூக்குக்கண்ணாடி லென்ஸ் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். "நீ இங்கயே இருக்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசைன்னு உனக்குத் தெரியாது. ஆனா ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா நீ சாப்பிடறத நிறுத்திடற. அதப் பாத்தா எனக்கும் சோறு இறங்க மாட்டேங்குது." துடைத்த துணியை மடித்து வைத்துவிட்டு, "மாசம் ஒரு தடவ நீ வா. ஒரு தடவ நாங்க வரோம். அப்பாவப் பாத்துக்க ஆள் போடலாம்" என்றான்.

உள்ளறையிலிருந்து மாமனார், "என்னை எதுக்கு இழுக்கற? நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்றார்.

அவள் போனாள். வழியனுப்ப வந்த மகள் அழவில்லை. அது அழுதிருந்தாலே தேவலை என்றிருந்தது.

முதல் நாள் அறுவை மேசையில், அவள் விட்டுப்போன இடத்துக்கு வந்து சேர்ந்தவர் கத்தியோடு நின்றார். எதிரே, வயிற்றின் ஓரத்தை விலக்கிப் பிடிக்கும் கொக்கியோடு அவள். முதல் வருடக்காரர்களுக்கு அதுதான் வேலை. அந்த விளக்கு, அந்தக் குளிர், கையுறைக்குள் விரல்களின் வியர்வை, எல்லாம் திரும்பக் கிடைத்ததில் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது. அதே நேரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பள்ளி விட்டிருக்கும். குழந்தை இந்நேரம் தெருமுனை திரும்பியிருப்பாள்.

"டாக்டர், இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க," என்றார் எதிரே நின்றவர்.

இழுத்துப் பிடித்தாள்.