ஆறாவது பாட்டில் ஒரு விசில்

பன்னிரண்டு பாட்டு, பத்தொன்பது இசைக்காரர்கள், ஒரு ராக் ஆல்பம். பின்னால் கம்பெனி எதுவும் கிடையாது. கிட்டார் வாசிக்கிற மேஸ்திரிதான் எல்லோரையும் சேர்த்தவர். கட்டட வேலைக்கு ஆள் பிடிப்பதுபோல் ஊர் ஊராகப் போன் போட்டு ஆள் பிடித்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது பேரும் ஒருநாள்கூட ஒரே அறையில் கூடவில்லை. சமையலறையில், மாடிப்படியடியில், துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு என்று அவரவருக்கு வாய்த்த இடத்தில் வாசித்துப் பதிவுசெய்து அனுப்பினார்கள்.

வந்ததையெல்லாம் பாட்டாக்கியது காதக்கா. அவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு, காதின் கூர்மையால் இந்தப் பெயர் ஒட்டியபின் அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. இருபத்தைந்து வருடமாக ஒலிக்கலவைதான் பிழைப்பு. ஒலியைக் கோடுகளாக வரைந்து காட்டும் திரை அவள் மேஜையிலும் இருந்தது. ஆனால் அதன்மேல் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். கண்ணால் பாட்டுக் கேட்கிறவர்களை அவளுக்குக் கட்டோடு பிடிக்காது.

ஆல்பம் மறுநாள் காலை அச்சுக்குப் போகவேண்டும். அன்றைக்குப் பார்த்து, பேஸ் கிட்டார் வாசித்த பெண் வந்து நின்றாள். மேஸ்திரியின் அக்கா மகள். வயது இருபத்திரண்டு, கூட்டத்திலேயே சின்னவள் அவள்தான். மற்றவர்கள் எல்லோரும் நாற்பதைத் தாண்டிவிட்டவர்கள்.

"அக்கா, ஆறாவது பாட்டுல மெலிசா ஒரு விசில் கேக்குது. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும்."

"மாமா என்ன சொன்னாரு?"

"எல்லார்கிட்டயும் கேட்டுப் பாத்துட்டாரு. யாருக்கும் கேக்கலையாம். காதக்கா இல்லைன்னு சொன்னா இல்லை, அப்படியே அனுப்பிரலாம்னு சொல்லிட்டாரு."

காதக்கா பாட்டை ஓடவிட்டாள். ஸ்பீக்கரில் கேட்டாள், ஹெட்போனில் கேட்டாள், அறை மூலைக்குப் போய் நின்று கேட்டாள். விசிலாவது ஒன்றாவது. ஆனால் அந்தப் பெண் பல் கூசுவதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். நடிக்கிற முகம் அல்ல அது. காதக்காவுக்கு அடக்கமாட்டாத ஆசை ஒன்று வந்தது. அப்படி என்னதான் கேட்கிறது இவளுக்கு?

"ஒவ்வொருத்தரா மியூட் பண்றேன். நின்னதும் சொல்லு."

முதலில் டிரம்ஸை நிறுத்தினாள். "இருக்கு." மேஸ்திரியின் இரண்டு கிட்டாரையும் நிறுத்தினாள். "இருக்கு." பின்பாட்டுப் பாடிய அண்ணன் தம்பி இருவரையும் நிறுத்தினாள். "இருக்கு அக்கா." மிச்சம் இருந்தவை பாட்டுக் குரலும் வயலினும் பேஸும்தான். காதக்காவின் விரல் வயலினை அழுத்தியது. அந்தப் பெண் வாயைத் திறந்தாள், ஆனால் காதக்கா முந்திக்கொண்டாள்.

"ஆமா, இப்போ எனக்கும் கேக்குது. நூல் மாதிரி."

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். "இப்பதான் அக்கா நின்னுச்சு" என்றாள்.

காதக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் அவமானப்பட்டிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், ஒருமுறை ஒரு பாடகரை அறையைவிட்டே துரத்தியிருக்கிறாள். கேட்காததைக் கேட்டதாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. அதிலும் கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். எழுந்துபோய்த் திரைமேல் கிடந்த துண்டை எடுத்தாள். வயலின் தடத்தின் உச்சியில் அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல் ஒரு கோடு, அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வயலின்காரருக்குப் போன் போட்டாள். வாசிக்கும்போது அறையில் என்னென்ன இருந்தது என்று ஒன்று விடாமல் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லையே. கதவைச் சாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன். அம்மா ஒரு ஓரமா டிவி பாத்துட்டு இருந்தாங்க."

"டிவியா?"

"சத்தத்தைச் சுத்தமாக் குறைச்சிட்டாங்க. படத்தை நிறுத்த மட்டும் சம்மதிக்கல. சீரியல் நேரம் பாருங்க. அந்தப் பழைய பெட்டி டிவிதான். அதை விட்டா அவங்களுக்கு வேற டிவி டிவியே இல்ல."

படக்குழாய் வைத்த டிவி சத்தமில்லாமல் ஓடினாலும் உள்ளிருந்து ஒரு கீச்சொலி வரும். சின்ன வயதில் காதக்காவுக்கே அது கேட்டிருக்கிறது. வயது ஏற ஏற காது உச்ச ஒலிகளை இழக்கும்; தனக்கு அது எப்போது கேட்காமல் போனது என்று யோசித்துப் பார்த்தாள். சொல்லிக்கொண்டா போகும்?

கோட்டைக் கண்ணால் பார்த்தே வெட்டினாள். "போச்சா?"

"சுத்தமாப் போச்சு."

காதக்காவுக்கு முன்னும் பின்னும் ஒன்றாகத்தான் இருந்தது. "அது எப்படிக் கேட்டுச்சு? கொஞ்சம் வாயால காட்டேன்."

அந்தப் பெண் உதட்டைக் குவித்துப் பார்த்துவிட்டு, முடியாது என்று தலையாட்டினாள். "அவ்வளவு உசரம் வாய்க்கு வராது அக்கா."

மேஸ்திரியிடம் காதக்காவே பேசினாள். சுற்றி வளைக்கவில்லை. "விசில் இருந்துச்சு. எனக்குக் கேக்கல. கேட்டதா உன் அக்கா மககிட்ட பொய் வேற சொன்னேன்."

அந்தப் பக்கம் மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "எனக்கும்தானே கேக்கல, விடுங்க" என்றார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று இழுத்து இழுத்து, "அப்போ... போன வருஷம் நமக்கு நீங்க கலந்து குடுத்த ஆல்பம்?" என்றார்.

போனை வைத்ததும் அந்த ஆல்பத்தைத் தேடி எடுத்தாள். அந்தப் பெண்ணின் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, ஸ்பீக்கரிலும் லேசாக ஒலிக்கவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்தாள். பயம் ஒருபக்கம் இருந்தாலும், தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போகமுடியாது என்று தோன்றியது.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாம் பாட்டின் பாதியில் அந்தப் பெண்ணின் புருவம் சுருங்கியது. உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு, "நல்லாத்தான் இருக்கு அக்கா" என்றாள்.

"கொஞ்ச நேரம் முன்னாடி நான் சொன்ன மாதிரி நீயும் பொய் சொல்லாதே. எந்த இடம்?"

அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். "குரல் தனியா நிக்கிற இடம். உங்களுக்கு உயிர்னு மாமா சொல்வாரே, அங்கதான்."

காதக்கா அந்த இடத்தை ஸ்பீக்கரில் மறுபடி ஓடவிட்டாள். அவளுக்கு அது இன்னும் அழகாகத்தான் இருந்தது.