வெயில் வருடத்துப் போத்தல்

செந்தில்நாதன் வீட்டு நிலவறையில் குளிரூட்டி நின்றுபோய் மூன்று மணி நேரமாகிவிட்டது. குளிரூட்டி திருத்துகிற அகஸ்ரின் வேனை நிறுத்தி இறங்குவதற்குள் அவர் செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு வந்துவிட்டார்.

"பதிமூணு டிகிரியைத் தாண்டவே கூடாதுங்க. இப்ப பதினெட்டு. சூடு பட்டா அவ்வளவும் போச்சு."

கோயம்புத்தூர்க்காரர். கனடாவில் நடத்திய மென்பொருள் நிறுவனத்தை விற்றுவிட்டு ஐம்பது வயதில் ஓய்வு பெற்றவர். நிலவறைச் சுவர் நாலிலும் பிரெஞ்சுச் சிவப்பு வைன்தான். பேர்போன தோட்டங்களின் போத்தல்கள் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்தன. அகஸ்ரின் ஏணியில் ஏறிப் பார்த்தான். மோட்டர் எரிந்திருந்தது. மாற்று மோட்டர் வேனிலேயே இருந்தது. ஒரு மணி நேர வேலை.

செந்தில்நாதனுக்குச் சும்மா நிற்க முடியவில்லை. ஒரு போத்தலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து காட்டினார்.

"பிரான்ஸ்ல போர்தோ பக்கத்து வைன். ரெண்டாயிரத்து மூணு. அந்த வருஷம் ஐரோப்பாவே வெந்து போச்சு. வெயில்ல பழம் சுண்டி, சாறு கெட்டியாயிடுச்சு. அதான் இதுக்கு இந்த மவுசு."

"குடிச்சுப் பாத்தனீங்களோ?"

"இதையா? இது குடிக்கறதுக்கு இல்லைங்க."

லேபிளில் ஓர் இரும்புக் கதவு. அதன் இரு பக்கமும் உயர்ந்த மரங்கள். அகஸ்ரின் ஏணியிலிருந்து ஒரு படி இறங்கி அதைப் பார்த்தான்.

"உந்தத் தோட்டத்தில நான் வேலை செய்தனான்," என்றான். "உதே வருசம்."

செந்தில்நாதனின் முகம் மலர்ந்துவிட்டது. உடனே ஃபோனை எடுத்து, வீடியோவை ஓடவிட்டு அவன் பக்கம் திருப்பினார். "சொல்லுங்க, சொல்லுங்க. அடுத்த வாரம் என்னை மாதிரி வைன் சேர்க்கிறவங்க பத்துப் பேர் வர்றாங்க. இந்தப் பழத்தைத் தொட்ட கையே என் வீட்ல இருக்குன்னா அசந்துடுவாங்க."

அகஸ்ரின் சொன்னான். ஓகஸ்ட் மாதம். கொடியில் அளவுக்கு மிஞ்சிய திராட்சைக் குலைகளை வெட்டிப் போடுகிற வேலை. அவனுக்கும் கூட வேலை செய்த ஜெனாட்டுக்கும் விசா இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ஜெனாட் கொடிகளுக்கு நடுவில் சரிந்து விழுந்தான்.

"கங்காணி அவனை இழுத்து நிழலில போட்டவன். எங்களை வரிசையை முடிக்கச் சொன்னவன். நான் வரிசையை முடிச்சுப்போட்டுத்தான் போய்ப் பாத்தனான். ஆள் முடிஞ்சுது."

செந்தில்நாதன் ஃபோனைத் தாழ்த்தினார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. போத்தலைத் துணியால் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"முதல் பாதியை மட்டும் இன்னொரு தடவை சொல்றீங்களா? மத்தது கேட்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"நான் வேலையை முடிக்கோணும்," என்றான் அகஸ்ரின்.

மோட்டரைப் பூட்டி, குளிர்காற்று வருகிறதா என்று கை வைத்துப் பார்த்துவிட்டு வெளியேறினான். அடுத்த வேலை பிறம்ரனில். வேனை அங்கே விடாமல் வெக்ஸ்போர்ட்டுக்குத் திருப்பினான்.

ஜெனாட்டின் அக்கா செலீன் அங்கே ஓர் அடுக்குமாடியில் இருந்தாள். ஜெனாட் இறந்த அன்றைக்குப் பிரான்சிலிருந்து அவளுக்குத் தொலைபேசி எடுத்தவன் அகஸ்ரின்தான். "கடைசிமட்டும் கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலதான் இருந்தனான், அக்கா," என்று அப்போது சொன்னான். கனடா வந்த பிறகு ஒவ்வொரு வருடமும் நினைவுப் பூசைக்குப் போவான். செலீன் அவனுக்குத்தான் முதலில் சாப்பாடு போடுவாள்.

கதவைத் திறந்தவளிடம், வரிசையை முடித்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தது வரை எல்லாவற்றையும் நின்ற நிலையிலேயே சொல்லி முடித்தான்.

"தெரியும்," என்றாள். "உங்களோட வேலை செய்த மன்னார்ப் பெடியன் அந்தக் கிழமையே சொல்லிப்போட்டான்."

"பிறகேன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"நீயாச் சொல்லுவாய் எண்டு இருந்தன். முதல் வருசம் பாத்தன். பத்து வருசமும் பாத்தன். பிறகு விட்டிட்டன்." கதவுப் பிடியிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. "இண்டைக்கு என்னத்துக்கு வந்தனி?"

"ஒரு இடத்தில அந்தத் தோட்டத்துப் போத்தலைக் கண்டனான்."

"அதைக் கண்டாப்பிறகுதான் உனக்கு வாய் திறந்தது."

அகஸ்ரின் வாசலிலிருந்து ஓர் அடி பின்வாங்கினான்.

"இனிப் பூசைக்கு வராதை," என்றாள் செலீன். கதவை அவள் அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள். உள்ளே சங்கிலியைப் போடுகிற சத்தம் கேட்டது.