எறிங்க, பிடிக்கிறேன்

"விரல்ல துணியைச் சுத்திக்கங்க தம்பி. உதட்டையும் பல்லையும் ஈரமாத் துடைச்சு விடுங்க. தண்ணி உள்ள போயிரக் கூடாது" என்றார் செய்கு அலாவுதீன். துபாயில் ஊர்க்காரர்கள் யார் மௌத்தானாலும் உடலைக் குளிப்பாட்ட முன்னால் வந்து நிற்பவர்.

நிஜாம் துணியைச் சுற்றிக்கொண்டு அண்ணன் கௌஸ் முகைதீனின் வாயருகே விரலைக் கொண்டுபோனான். அப்படியே நின்றுவிட்டான். அவன் கன்னத்துக்குள் காலையில் அதக்கிய புகையிலை இன்னும் கிடந்தது.

"ஒரு நிமிசம் பாய்."

வெளியே குழாயடியில் துப்பினான். கொப்பளித்தான். வாசம் போகவில்லை என்று மறுபடியும் கொப்பளித்தான். திரும்பி வந்து துடைத்தபோது, தாடையை வெட்டியெடுத்த பள்ளத்தில் விரல் இறங்கியது.

ஊரே கிரிக்கெட் மட்டையோடு திரிந்த காலத்தில் அவன் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் மட்டும் யாருக்கும் புரியாத பேஸ்பால் ஆடினார். பல்கலைக்கழக அணியில் பெரிய கையுறையோடு பந்து பிடிக்கும் கேட்சர். புகையிலையும் அந்த மைதானத்தில்தான் ஒட்டிக்கொண்டது. அவரைப் பார்த்துத் தம்பிக்கும். பிறகு துபாய் தமிழ் வானொலியில் அறிவிப்பாளர் ஆனார். புற்றுநோய் வந்து பேச்சு குழறிய பின்னும் மைக்கை விடவில்லை. விடுமுறை நாளில் தொழிலாளர் கேம்ப்களுக்குப் போய்ப் பழைய கேட்சர் கிளவுஸை நீட்டுவார். "புகையிலைப் பொட்டலத்தை எறிங்கப்பா, நான் பிடிக்கிறேன்." சிரித்துக்கொண்டே எறிந்தவர்கள் ஏராளம்.

கூடப் பிறந்தவன் மட்டும் எறியவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் அவர் கேட்டபோதும், "எப்பவோ விட்டாச்சு காக்கா" என்று கூசாமல் புளுகினான். காக்கா அவன் கன்னத்தை மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

அடக்கம் முடிந்து கராமாவில் இருந்த காக்கா வீட்டுக்கு வந்ததும் காக்கா மகள் ஹிஃப்ஸா தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"சாச்சா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க போனதும் வாப்பா ஒரே சிரிப்பு."

"எதுக்கும்மா?"

"'கன்னத்துல வச்சுக்கிட்டே விட்டாச்சுங்கிறான் உன் சாச்சா. கையில தட்டுப்பட்டுச்சு'ன்னாங்க."

நிஜாம் எடுத்த தேநீரைக் கீழே வைத்தான். "கோவப்பட்டாரா?"

"ப்ராமிஸா இல்ல சாச்சா. 'கிளவுஸைத் தூக்கிப் போட்டுறாதே, அவன் ஒருத்தன் பாக்கி'ன்னு மட்டும் சொன்னாங்க."

குழாயடியில் துப்பியது வாயில் இருந்ததைத்தான். பொட்டலம் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. அவன் கை தன்னையறியாமல் அங்கே போனது. ஹிஃப்ஸா அதைப் பார்த்துவிட்டாள். எழுந்துபோய் டிவி பக்கத்திலிருந்த கிளவுஸை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவள் கைக்கு அது ரொம்பப் பெரிது.

"எறிங்க சாச்சா."

எறிந்தான். கண்ணீர் மறைத்ததில் குறி தப்பிப் பொட்டலம் அவள் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்து, பழைய இடத்துக்கே போய் நின்றான்.

ஹிஃப்ஸா நீட்டிய கையைத் தாழ்த்தவில்லை.