ரயில் நின்றது, நிலையம் புறப்பட்டது

குமுதவல்லி ஏறிய ரயில் நகரவில்லை. அன்று ஆலங்குறிச்சி நிலையம்தான் நகர்ந்தது.

அவள் என் மனைவி. என்னை விட்டுவிட்டுத் தன் அண்ணன் வீட்டுக்குப் போகக் கிளம்பியிருந்தாள். எங்களுக்குள் சண்டை என்று எதுவும் இல்லை, பேச்சுதான் நின்றுபோயிருந்தது. ஜன்னலுக்கு உள்ளே அவளும் வெளியே நானும் ஆளுக்கொரு டம்ளர் டீயைப் பிடித்திருந்தோம். விசில் ஊதியது. பெட்டிகள் என்னைக் கடக்கத் தொடங்கின. அவள்தான் போகிறாள் என்று நினைத்தேன். அப்போது என் டீ ஒரு பக்கமாகச் சாய்ந்து விரலைச் சுட்டது. அவளுடைய டீ அசையவே இல்லை.

நிலைய அதிகாரி ஜெபஸ்டின் கொடியைச் சுருட்டிக்கொண்டே வந்தார்.

“தூணைப் பிடிச்சுக்குங்க சார். இன்னைக்கு நாமதான் போறோம்.”

நடைமேடை, சைக்கிள் நிறுத்தம், அதற்குப் பின்னால் எங்கள் தெரு எல்லாம் சேர்ந்து மேற்கே போயின. மாலையில் ஒரு மலையடிவாரத்தில் நின்றோம். அவரவர் வீட்டுக்குப் போய் விளக்கேற்றினார்கள்.

குமுதா போனில் கூப்பிட்டாள். “என்னங்க, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே.”

“நீதானே கிளம்பினே?”

“கிளம்பினேன். ஆனா போகலையே. உட்கார்ந்த இடத்துலயேதான் இருக்கேன்.”

போனவன் நான் என்பது டீயிலேயே தெரிந்துவிட்டது. போனவன்தான் திரும்ப வேண்டும்.

மறுநாள் காலை தண்டவாளத்தோடு நடந்தேன். மரங்கள் பின்னால் போயின. நின்று பார்த்தேன், அவையும் நின்றன. ஆக, நடப்பது நான்தான். அதில் ஒரு நிம்மதி இருந்தது. ஒரு குன்று மட்டும் நான் நின்ற பிறகும் போய்க்கொண்டிருந்தது. அதற்கு வழிவிட்டேன்.

ரயில் பொட்டல்வெளியில் நின்றிருந்தது. பயணிகள் கீழே இறங்கிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். குமுதா வேறு பக்கம் பார்த்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே ஏறினேன்.

“நீங்க வந்தீங்களா, இல்ல நான்தான் உங்ககிட்ட வந்துட்டேனா?” என்றாள், திரும்பாமலே.

“நான்தான் வந்தேன். கால் வலிக்குது.”

அவள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டாள். என்னைப் பார்க்க முகத்தைத் திருப்பினாள். அவள் கண்கள் திரும்பிய அளவுக்கு வானமும் பொட்டலும் எதிர்ப்பக்கம் திரும்பின. வெளியே பயணிகள் சோற்றுப் பானைகளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கம்பியைப் பற்றியபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.