லைன் நின்ற நாள்

ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் கோத்திருந்த ஈரத்தை ஜோஸ்லின் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தபோது, சூப்பர்வைசர் காசிராஜன் அவள் காதருகே குனிந்தார். ஆறுதல் சொல்லத்தான் குனிகிறார் என்று நினைத்தாள்.

“சிஸ்டர், லைன் கம்ப்யூட்டருக்கு ஜெபர்சன் ஒரு பாஸ்வேர்டு போட்டு வச்சிருந்தாரு. உங்களுக்குத் தெரியுமா?”

மனுஷன் கொண்டுவந்த மாலையைக்கூட இன்னும் அவள் புருஷன்மேல் வைக்கவில்லை.

காலையில் ஒரகடம் கம்பெனியில் கரண்ட் போய் வந்ததாம். லைனில் இருக்கிற லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றுகூட எழுந்திருக்கவில்லையாம். டிஸ்க்கைச் சரிசெய்ய, கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்கின்றனவாம்.

நிற்காமல் என்ன செய்யும்? கம்ப்யூட்டர் எழுந்திருக்க நேரமாகிறது, அதுவரை லைன் பெண்கள் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று கம்பெனிக்கு வயிற்றெரிச்சல். சீக்கிரம் எழுப்பு என்று, கம்ப்யூட்டர்களைக் கவனித்துவந்த ஜெபர்சனின் உயிரை எடுத்தார்கள். அவனும் வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்து, கம்ப்யூட்டர் எழும்போது ஓடுகிற வேண்டாத சர்வீஸ்களை ஒவ்வொன்றாக நிறுத்தினான். டிஸ்க்கைச் சோதிக்கிற வேலையை மட்டும் எடுக்க வேண்டாம், கரண்ட் போனால் எல்லாம் படுத்துவிடும் என்று மன்றாடினான். எடு என்றார் இதே காசிராஜன். எடுத்தான். கம்ப்யூட்டர்கள் சட்டென்று எழுந்தன. ஸ்டூல்களை வாரிக்கொண்டு போய் ஸ்டோர் ரூமில் போட்டார்கள்.

நேற்று நெஞ்சு வலிக்கிறது என்று அவன் சொன்னபோது உட்கார ஒரு ஸ்டூல் இல்லை. ‘ஷிஃப்ட் முடியட்டும் ஜெபர்சன்’ என்றாராம் காசிராஜன். அப்போது லைனில் அவன் பக்கத்தில் நின்ற ஏலவார்குழலி அழுதுகொண்டே சொன்னாள்.

கம்பெனியில் யார் செத்தாலும் மாலையோடு ரெண்டு பேரைத்தான் அனுப்புவார்கள். இன்று லைன் நின்றதால் மொத்தப் பெண்களும் யூனிஃபார்மோடு கம்பெனி பஸ் ஏறி சுங்குவார்சத்திரம் வந்துவிட்டார்கள். சாமியானாவுக்குக் கீழே கூட்டம் நிரம்பி நின்றது.

“சொன்னீங்கன்னா லைன ஓட்டிடுவோம் சிஸ்டர். இவங்களயும் பஸ்ல ஏத்திடலாம்.”

“அடக்கத்துக்கு இருக்க மாட்டாங்களா?”

“அதான் மூஞ்சியப் பாத்துட்டாங்களே.”

ஜோஸ்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும். ராத்திரி அவன் வீட்டில் வேலை பார்த்தபோது எத்தனை தடவை அவளே அதை டைப் அடித்துக் கொடுத்திருக்கிறாள்.

“தெரியும்” என்றாள். அவர் அவசரமாக போனை எடுத்தார்.

“மண்ணு போட்டு முடியட்டும். அப்புறம் சொல்றேன்.”

“மேலேர்ந்து போன் மேல போன் வருது சிஸ்டர். கொஞ்சம் புரிஞ்சுக்கங்க.”

“நேத்து அவர்கிட்ட இன்னா சொன்னீங்க? ஷிஃப்ட் முடியட்டும்னுதான? இப்ப எனக்கு முடியட்டும் சார். ஒரு மனுசன் நெஞ்சப் புடிச்சிக்கினு நின்னப்ப நிக்காத லைனு, இன்னிக்கு நின்னா இன்னா?”

அவள் குரல் தெரு வரைக்கும் கேட்டது. பாட்டுப் பாடிக்கொண்டிருந்த சர்ச் பெண்கள் நிறுத்திவிட்டார்கள். பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். லைன் பெண்களில் ஒருத்திகூட நகரவில்லை.

ஜோஸ்லின் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சுவரோரம் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் சேர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்டினாள்.

“ஃபாதர் வர நேரமாவும். எல்லாரும் உக்காருங்கக்கா.”

அவர்கள் உட்கார்ந்தார்கள். ஏலவார்குழலி செருப்பைக் கழற்றி, வீங்கிய காலை நீட்டிக்கொண்டாள். ஜோஸ்லின் திரும்பப் போய்க் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

காசிராஜன் மட்டும் மாலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு யாரும் சேர் போடவில்லை.